பதினெட்டாம் தேதிப் பதிவு

நம்பாதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு நஷ்டமில்லை. நடந்தது நடந்தபடியே சொல்கிறேன். என் பெயர் ஹெல்வி. கனடாவில் தண்டர் பே என்ற ஊரில் பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். உடைந்த பென் டிரைவ், செத்துப்போன ஹார்டு டிஸ்க், இவற்றிலிருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே சிரிக்கிற ரகம் நான். அந்த பிப்ரவரி வியாழக்கிழமை வரைக்கும்...

மதியம் 1.20. ஒருவர் உள்ளே வந்தார். பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூட உதறவில்லை. வேட் என்று பெயர் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தார். உள்ளே ஒரு பென் டிரைவ். சொருகும் முனை முறிந்து, உடல் வளைந்து கிடந்தது.

அவருடைய அண்ணன் ராஸுடையதாம். ஜனவரி பதினெட்டாம் தேதி, உறைந்த ஏரியில் தனியாக மீன் பிடிக்கப் போன ராஸ், ஐஸ் உடைந்து உள்ளே போய்விட்டார். உடல் இன்னும் கிடைக்கவில்லை. மீன் பிடித்த கதையை ஒரு சின்ன ரெக்கார்டரில் பேசி வைப்பதும், தினமும் வீட்டுக்கு வந்து அதை இந்த பென் டிரைவில் ஏற்றுவதும் ராஸின் வழக்கம். அவர் மனைவி நோரீன் அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாராம்.

எப்படி உடைந்தது என்று கேட்டேன். நாய் கடித்துவிட்டது என்றார்.

விளக்கை இழுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில், கோடு போட்ட மாதிரி தடம். குறடு வைத்து நெரித்த தடம்.

"உங்க நாய்க்குப் பல்வரிசை ரொம்ப அழகு."

அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணும் வராதுன்னா அதையே லெட்டரா எழுதிக் குடுத்துடுங்க. அஞ்சு மணிக்கு வரேன். நோரீன்கிட்ட காட்டணும்."

ஃபைல் எப்படியாவது வேண்டும் என்று அழுதவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். வராது என்று எழுதிக் கேட்டவரை அன்றுதான் பார்த்தேன். மனசுக்குள் ஏதோ உறுத்தியது.

அவர் போனதும் உறையின் மேல் எழுதியிருந்த ராஸின் வீட்டு எண்ணுக்கு போன் செய்தேன். நோரீன்தான் எடுத்தார். நாயா, எந்த நாய் என்றார். வேட் வந்து ராஸின் மேசையை ஒழித்துக் கொடுத்தானாம். அப்போது கீழே விழுந்து அவன் கால் பட்டு உடைந்ததாகச் சொன்னானாம். ஆக, அவரிடம் ஒரு கதை, என்னிடம் ஒரு கதை. இனி அந்த ஆளுக்கு 'அவர்' எல்லாம் கிடையாது.

போனை வைக்கப் போனேன். நோரீன் விடவில்லை.

"அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டைங்க. போ, திரும்பி வராதேன்னு சொல்லிட்டேன். அவரு வேணும்னேதான் மெல்லிசு ஐஸ் மேல நடந்தாரோன்னு... எனக்குத் தூக்கமே இல்ல."

அந்த ரெக்கார்டர் எங்கே என்று கேட்டேன். ராஸின் சட்டைப் பையில் இருந்ததாம். அவரோடு அதுவும் ஏரிக்குள் போய்விட்டது.

2.40. சூடான காற்றை அடித்து, பென் டிரைவுக்குள் ஃபைல்கள் பதிந்திருக்கும் சிப்பைக் கழற்றினேன். அதைப் படிக்கும் கருவியில் வைத்தேன். இந்தக் கருவி படிக்க மட்டும்தான் செய்யும், எழுதாது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எதையும் இரண்டு முறை காப்பி எடுப்போம். இரண்டும் புள்ளி பிசகாமல் ஒத்துப்போனால்தான் நம்புவோம்.

3.05. முதல் காப்பி. முப்பத்தொரு ஃபைல்கள், தேதி தேதியாக. கடைசி ஜனவரி பதினேழு. சரியாக வந்திருக்கிறதா என்று அதை மட்டும் திறந்தேன். குஷியான ஒரு குரல்.

"நாளைக்கு வேட்டும் வரான். கயிறு கொண்டாடான்னு சொல்லியிருக்கேன். மறந்துட்டு வந்து நிப்பான் பாரு."

தனியாகப் போனார் என்றானே?

3.31. இரண்டாவது காப்பி. முப்பத்திரண்டு ஃபைல்கள்.

கூடுதலாக ஒன்று. ஜனவரி பதினெட்டு. நாற்பது வினாடி. திறந்தேன். காற்று... ஐஸில் துளை போடும் சத்தம்... வேறொன்றும் இல்லை.

இணைப்புதான் சரியில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சிப்பின் கால்களைத் துடைத்து மறுபடி வைத்தேன்.

3.52. மூன்றாவது காப்பி. அதே முப்பத்திரண்டு. ஆனால் பதினெட்டாம் தேதி இப்போது ஒரு நிமிடம் ஐம்பது வினாடி.

காற்று. துளை போடும் சத்தம். படாரென்று ஏதோ உடைந்தது. தண்ணீர்...

"வேட்... கயித்தப் போடுடா... நான் வீட்டுக்குப் போகணும்டா..."

பனியில் காலடிச் சத்தம். சரக்... சரக்... சரக்... ஓடுகிற சத்தம். விலகி விலகிப் போனது.

ரெக்கார்டர் ஏரிக்குள் கிடக்கிறது. அன்றைய பேச்சை இதில் ஏற்றியது யார்?

4.26. கதவு திறந்தது.

வேட். சொன்ன நேரத்துக்கு முன்பே.

"லெட்டர் ரெடியா?"

நான் எதையும் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

ஸ்பீக்கரில்...

டப்... டப்... டப்...

எதற்கோ அடியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள்.

டப்... டப்...

வேட்டின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நிறுத்தச் சொல்லுங்க."

"யாரை?"

"அன்னிக்கும் இப்படித்தான் தட்டினான்."

டப்...

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கயிறு வண்டியிலேயே இருந்ததாம். எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது ராஸ் ஐஸுக்கு அடியில் போயிருந்தாராம். காலடியில் விரிசல் விட்டதும் பயந்து ஓடிவிட்டானாம். அவனே சொன்னான், நான் கேட்காமலே. நான் போலீஸுக்கு போன் செய்தேன்; அவர்கள் வரும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

அன்றே நோரீனைக் கூப்பிட்டேன். ராஸ் வேண்டுமென்று போகவில்லை, வீட்டுக்குப் போகணும் என்றுதான் கத்தினார் என்று சொன்னேன். ரொம்ப நேரம் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. இப்போது தூங்க முடிகிறது என்று அடுத்த வாரம் சொன்னார்.

போலீஸ் அந்தச் சிப்பை ஆய்வகத்துக்கு அனுப்பியது. மார்ச் மாதம் அறிக்கை வந்தது, எனக்கும் ஒரு பிரதி. குறடு நெரித்ததில் சிப் உள்ளுக்குள் இரண்டாகப் பிளந்திருக்கிறது. நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்க வேண்டுமாம். அதிலிருந்து ஒரு எழுத்தைக்கூட யாராலும் படித்திருக்க முடியாது.

ஓடிப்போய் என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மூன்று காப்பிகளும் இருந்தன. மூன்றும் ஒத்துப்போயின, புள்ளி பிசகாமல். முதலிலிருந்து கடைசிவரை வெறும் பூஜ்யம்.

நோரீனிடம் இதைச் சொல்லவில்லை. அந்தக் குரலை எப்போது கேட்கலாம் என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.