‘விடு’ என்ற சொல்லுக்குத் தடை போட்ட பாக்கியம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாக்கியத்தின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “சார், அம்மா போயிட்டாங்க. பசியாறிட்டு நாக்காலியில உக்காந்தாங்க. கோப்பைய எடுக்கப் போனேன், கூப்பிட்டா பதில் இல்ல” என்றாள். பேசி முடித்துக் கைப்பேசியை வைத்தபோது என் மனத்தில் முதலில் எழுந்தது ‘நல்லவேளை’ என்ற எண்ணம்தான். அழுகை பிறகுதான் வந்தது. சாவுச் செய்தி கேட்டவன் இப்படி நினைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஓராண்டுக்கு முன்னால் இந்தச் செய்தி வந்திருந்தால் நான் அப்படி நினைத்திருக்க மாட்டேன்.

அடக்கத்துக்கு வந்திருந்த, பாக்கியத்திடம் வண்டியோட்டப் பழகிய உங்களில் பலர், இடது காலை இழுத்து நடந்தபடி முன்வரிசைக்கு வந்து நின்ற மனிதர் யார் என்று என்னிடம் கேட்டீர்கள். அங்கே நின்று சொல்லக்கூடிய கதை இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாக்கியம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் சுமை தூக்கும் வண்டியான ஃபோர்க்லிப்ட் ஓட்டியவர். பிறகு அதை ஓட்டுகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியிலிருந்து நான் ஓய்வு பெற்ற ஆண்டு, மலாய் மொழியில் இருந்த பயிற்சித் தாள்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “சார், இத நம்ம ஆளுங்களுக்குப் புரியிற தமிழ்ல எழுதித் தரணும். பள்ளிக்கூடத் தமிழ்ல இல்ல” என்றார். என் வேலை அன்றே பாதி திருத்தப்பட்டுவிட்டது.

மீதிப் பாதியையும் அவரே திருத்தினார். வண்டி ஓட்டுபவருக்குக் கீழே நின்று சைகை காட்டும் ஆள் என்னென்ன சொற்களைச் சொல்லலாம் என்று ஒரு பட்டியல் போட்டோம். வண்டியைப் பின்னோக்கி எடுக்க இங்கே எல்லாரும் சொல்லும் ‘கோஸ்தான்’ என்பதை அடித்துவிட்டு ‘பின்னால் வா’ என்று எழுதினேன். பாக்கியம் சிரித்தார். “பின்னால வான்னா, நம்மளத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சு வழியில போற ஆளு வண்டிக்குப் பின்னால நடந்து வருவான் சார். கோஸ்தான்னா எந்த ஆளும் நடந்து வரமாட்டான். வண்டி மட்டும்தான் வரும்.” முப்பது ஆண்டுகள் வாக்கிய அமைப்பு சொல்லிக்கொடுத்த நான் கோஸ்தானைத் திரும்ப எழுதினேன்.

அடுத்து அவர் ஒரு சொல்லை முற்றாக விலக்கச் சொன்னார். அது ‘விடு’. எனக்கு வருத்தமாக இருந்தது. வகுப்பில் நான் ஒரு பாடவேளை முழுக்க எடுக்கும் சொல் அது. வண்டியை விடு என்றால் ஓட்டு. அவனை விடு என்றால் ஒன்றும் செய்யாதே. பட்டம் விடு என்றால் மேலே ஏற்று. கயிற்றை விடு என்றால் கீழே போகட்டும். ஒரே சொல் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள் என்று பெருமையாகச் சொல்லிக் காட்டினேன். பாக்கியம் கேட்டுக்கொண்டே இருந்தார். “அதான் சார் பயம். அது செய்யிற வேலையில ஒண்ணு ராயப்பன் கால எடுத்துருச்சு” என்றார்.

நடந்தது இதுதான். இன்றைக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், சரக்கு அனுப்பும் கொட்டகையில் பாக்கியம் தேயிலை மூட்டைகள் அடுக்கிய பேலட்டை, அதாவது மரத்தட்டை, இறக்கிக்கொண்டிருந்தார். கீழே நின்று சைகை காட்டியவர் ராயப்பன். அவர் “விடு!” என்று கத்தினார். பாக்கியம் இறக்கினார். அடுத்த கணம் அலறல். ராயப்பனின் இடது பாதம் மரத்தட்டின் அடியில் இருந்தது. விரல்கள் போயின.

துரை என்று நாம் அழைக்கும் தோட்ட மேனேஜர் விசாரித்தபோது பாக்கியம் முந்திக்கொண்டு சொன்னார்: “அவரு நிறுத்தச் சொன்னாரு, நான் எறக்கச் சொன்னதா எடுத்துக்கிட்டேன். தப்பு என்னோடது.” காலை அடியில் வைத்திருப்பவன் இறக்கவா சொல்வான்? ‘விடு’ என்றால் ‘அப்படியே விட்டுவிடு, போதும்’ என்றுதான் பொருள் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ராயப்பன் ஒன்றும் சொல்லவில்லை. பாக்கியம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு தோட்டத்தை விட்டே போய்விட்டார். “என்னை மன்னிச்சானான்னு கேக்க எனக்கு வாய் வரல சார். கேக்காமலே செத்துப் போயிருவேன் போலிருக்கு” என்று பாக்கியம் என்னிடம் ஒருமுறை சொன்னார். மறுமுறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பயிற்சியிலும் அந்த விபத்தைச் சொல்வார். ராயப்பன் பெயரை மட்டும் சொல்லமாட்டார். “இது நான் செஞ்சது” என்று முடிப்பார்.

அவருடைய பயிற்சியில் அழுகை இருந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். உங்களுக்கே தெரியும். சுமையை உயரத் தூக்கி நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஒவ்வொருவராக உட்கார வைப்பார். தான் சுமைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கத்துவார்: “நான் தெரியுறேனா?”

“தெரியலக்கா.”

“அப்ப நான் செத்தேன் போ. அடுத்த ஆளு வா, இன்னொரு தடவ சாகுறேன்.”

ஒருநாள் புதிதாக வந்த மேனேஜரையும் அதே இருக்கையில் ஏற்றினார். மேனேஜர் தயங்கித் தயங்கி, “கொஞ்சம் தெரிகிறது” என்றார். “துரை, கொஞ்சம் தெரியுற ஆளு கொஞ்சமாவா சாவான்?” என்றார் பாக்கியம். மேனேஜரே சிரித்துவிட்டார். நம் மலைச் சரிவில் மழை ஈரத்தில் வண்டி இறங்கும்போது “சரக்கு எப்பவும் மேட்டுப் பக்கம், நீ பள்ளத்துப் பக்கம்” என்று அவர் சொல்லிக்கொடுத்ததை இன்றும் நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவதைப் பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு மலையில் இன்னும் மேலே உள்ள திரிங்காப் ஊரின் காய்கறிக் கிடங்கு ஒன்றிலிருந்து பயிற்சிக்கு அழைத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தேர்வுக் கேள்விகளை வாசித்துக் காட்ட என்னையும் கூட்டிப்போனார். தமிழர்கள், வங்காளதேசத்தார், நேப்பாளியர் என்று பதினைந்து பேர் இருந்தார்கள். பயிற்சி தொடங்கிய பிறகு கிடங்கின் ஸ்டோர்கீப்பர் காலை இழுத்தபடி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பாக்கியம் பாதிப் பேச்சில் நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, வழக்கம்போல விபத்தைச் சொன்னார். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. “இது நான் செஞ்சது” என்று முடித்தார்.

“ஏய் பாக்கியம், நிறுத்து லா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “கதைய மாத்திச் சொல்ற. நான் எறக்கத்தான் சொன்னேன்.”

“கால அடியில வச்சுக்கிட்டு எவனாவது எறக்கச் சொல்வானா?”

“சொல்லும்போது கால் வெளியதான் இருந்துச்சு. பேலட் எறங்கயில கீழ கட்டை கோணலா கெடந்துச்சு. ஒரு ஒத விட்டா நேராயிடும்னு நெனச்சேன்.”

“துரை கேட்டப்ப ஏன் சொல்லல?”

“பேலட் அடியில கால விடாதேன்னு மத்தவங்கள ஏசுனவனே நான்தானே. வெக்கமா இருந்துச்சு. நீயே முந்திக்கிட்டு உன் தப்புன்னுட்ட. நான் வாய மூடிக்கிட்டேன். ஆஸ்பத்திரியில உன் மூஞ்சியப் பாக்க முடியல.”

பாக்கியம் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. “பதினேழு வருஷம்டா பாவி!” என்றார். வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர், என்ன நடக்கிறது என்று மலாயில் கேட்டார். அந்தக் கேள்வி பாக்கியத்தைப் பயிற்சியாளராகத் திரும்ப எழுப்பியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “ராயப்பா, முன்னால வா. எங்க நின்ன, கால எப்படி நீட்டுன, இவங்களுக்குக் காட்டு” என்றார். ராயப்பன் வந்து, தரையில் கிடந்த மரத்தட்டின் பக்கத்தில் நின்று, விரல்களில்லாத அந்தக் காலையே நீட்டிக் காட்டினார். அதற்கு மேல் பயிற்சித் தாள் எதுவும் தேவைப்படவில்லை.

வெளியே வந்ததும், “அப்படியானால் ‘விடு’வை மறுபடியும் சேர்த்துவிடலாமா?” என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் ஆசையும் இருந்தது. “வேணாம் சார். அவன் சொன்னது ஒண்ணு, நான் நெனச்சது ஒண்ணு. நானே இத்தன வருஷம் கொழம்புனேனே, அது போதாதா?” என்றார்.

காரில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் சிறிது தூரம் போனதும் கேட்டார்: “சார், அவன் சொன்னது நெசந்தானா? இல்ல, வயசாயிட்டாளேன்னு எனக்காகச் சொன்னானா?” உடனே அவரே சொன்னார்: “நெசந்தான். பொய் சொன்னா மூக்கத் தடவுவான். அவன்கூடச் சீட்டு வெளையாடுன எல்லாருக்கும் தெரியும். நான் அவன் மூக்கையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

யார் ஓட்டினாலும் பாக்கியம் காரில் தூங்கமாட்டார். கண்ணாடியைப் பார்ப்பார், வளைவுக்கு வளைவு எச்சரிப்பார், தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதிப்பார். அன்று எதிரே காய்கறி லோரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவரிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் எழுதவைத்த தாள்கள் தொழிற்சாலையில் இருக்கின்றன. அவர் சொல்லிக்கொடுத்த பழக்கங்கள் உங்கள் கைகளில் இருக்கின்றன. எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தூக்கம்தான். ரிங்லெட்டில் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோதும் அவர் விழிக்கவில்லை. மகள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவராக விழிக்கும் வரை நாங்கள் இருவரும் வெளியே நின்றுகொண்டிருந்தோம்.