அவர் கைக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி

"இதுக்கும் பிளக் போடுங்க" என்கிறார் அக்கா. கடை மேசைமேல் ஏற்கெனவே நான்கு இஸ்திரிப் பெட்டிகள் அட்டையை விட்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கின்றன. இது ஐந்தாவது.

மின்சாமான் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறார். "அம்மா, இஸ்திரிப் பெட்டின்னா சூடாகத்தான் செய்யும். அதுல என்ன சந்தேகம்? அப்படியே பாத்து எடுத்துக்கலாமே?"

"வாயத் திறக்காம பல்ல எப்படிங்க பாக்கறது?"

பிளக் போடப்படுகிறது. அக்கா தோள்பையிலிருந்து தன் ஆய்வுக்கூடத்தை எடுத்துப் பரப்புகிறார். ஒரு மரப்பலகை, நனைத்துப் பிழிந்த வெள்ளைக் கைக்குட்டை, நான்கு சதுரத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு கட்டம். முதலில் கைக்குட்டை. அடித்தகட்டிலிருந்து அதில் கறையோ பிசுக்கோ இறங்கினால் அந்தப் பெட்டியின் கதை அங்கேயே முடிந்தது. தப்பித்த பெட்டிக்குத்தான் கட்டம். தையல்கள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் பெட்டியின் முனையை வைக்கிறார், சற்றுப் பொறுக்கிறார், நேராக மேலே தூக்குகிறார். மடிப்பு ஒழுங்காகப் படிந்ததா என்று கீழுதட்டில் தடவிப் பார்க்கிறார். விரல்கள் ஊசி குத்திக் காய்த்துப் போனதால் உதட்டைத்தான் நம்புகிறாராம்.

தீர்ப்புகள் சுடச்சுட வருகின்றன. "மூக்கு மொண்ணை." "இது நீராவி ஓட்டை வழியா எச்சில் விடுது." "இதுக்கு உடம்பெல்லாம் பட்டன். வேலைக்கு ஒண்ணும் ஆகாது." துணைக்குப் போன பாவத்துக்கு நான், தள்ளுபடியான பெட்டிகளை ஒவ்வொன்றாக அட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். எடுத்த மாதிரி அவை திரும்பப் போய் உட்காராது என்பதை அன்றுதான் கற்றேன்.

எங்கள் குடியிருப்பில் நான் இரண்டாம் மாடி. அக்கா எனக்கு நேர் மேலே. ஐம்பத்தெட்டு வயது. கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, பாவாடைக்கு இடுப்பு கூட்டுவது என்று பகலில் ஊருக்கெல்லாம் தைப்பார். அதில் வீட்டுச் செலவு ஓடுகிறது. ஆனால் அவர் உயிரை வைத்திருப்பது துண்டுத்துணிப் போர்வைகளில். தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளை மூட்டையாக வாங்கி வந்து, துவைத்து, நிறம் பிரித்து, பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்திருக்கிறார். அவற்றைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டிச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்து, மேலே தையல் ஓட்டி, ஒரு போர்வை முடிக்க இரண்டு மாதம் ஆகும். குடியிருப்பில் அவருக்கு ஒட்டுத்துணி அக்கா என்றே பெயர். அந்தப் பெயரை அவரும் மறுப்பதில்லை.

அக்காவோடு லிப்டில் போவது கொஞ்சம் சங்கடம். முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் அவருடைய காலர் தையலை எட்டிப் பார்ப்பார். ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தட்டி, "சார், இந்தக் கை திருப்பி வச்சுத் தச்சிருக்கு. போய்ச் சண்டை போடுங்க" என்றார். அந்த மனிதர் நான்காம் மாடிக்குப் போக வேண்டியவர், இரண்டிலேயே இறங்கிவிட்டார்.

நான் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். வீட்டிலேயே வேலை. என் மேசைக்கு நேர் மேலே அக்காவின் முன்னறை. சன்னலோரம் தையல் இயந்திரம், அதிலிருந்து இரண்டு எட்டு தள்ளி, பழைய சாப்பாட்டு மேசைமேல் கம்பளி விரித்து, அதன்மேல் பருத்தித் துணி இழுத்துக் கட்டிய இஸ்திரி மேசை. பக்கத்தில் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டால், "அப்பறம் இடுப்பு நாற்காலியோட ஒட்டிக்கும் தம்பி. நாலு தையலுக்கு ஒருவாட்டி எழுந்திரிச்சாத்தான் மனுஷி" என்பார். ஆகவே என் நாளின் தாளம் இப்படி: இயந்திரத்தின் கடகட, இரண்டு காலடி, ஒரு தொம். மறுபடி இரண்டு காலடி, கடகட.

அந்தத் தொம்மைப் பற்றி ஒரு நாள் வாய் தவறி, "காலையிலேருந்து தேய்க்கிறீங்க போலிருக்கு" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"தேய்க்கிறதா? நான் எங்க தம்பி தேய்ச்சேன்? சட்டையைத்தான் தேய்க்கிறது. இதத் தேய்ச்சா துணி இழுபடும், சதுரம் கோணிக்கும். வைக்கணும், எடுக்கணும். அவ்வளவுதான். பெட்டி தன் கனத்துல தானா அழுத்தணும். நாம அழுத்தக் கூடாது."

ஒரு போர்வை முடிவதற்குள் ஆயிரம் தடவைக்கு மேல் வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். அதை அவர் இருபத்தேழு வருடமாக ஒரே பெட்டியில் செய்தார். கருப்புக் கைப்பிடி போட்ட, இரண்டு கிலோவுக்கும் மேலான சாமான். அக்காவிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும். துணி வெட்டும் கத்திரிக்கோலைக்கூடத் தருவார். எந்தத் தையல்காரரும் அதைத் தரமாட்டார். ஆனால் இஸ்திரிப் பெட்டியை மட்டும் யாரும் தொடக் கூடாது. கட்டிய வீட்டுக்காரரும் அந்த யாரில் அடக்கம்.

அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஆறடி உயரம், இடது கைப் பழக்கம், நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். சமைப்பார், ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார், துணியை நிறம் பிரிப்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் மனைவிக்கு உதவுகிறேன் என்று கிளம்பி, எட்டுக் கட்டங்களை முன்னும் பின்னுமாக இழுத்துத் தேய்த்து வைத்திருக்கிறார். எட்டும் கோணிக்கொண்டன. "அன்னிக்கு எடுத்த கைதான். அப்பறம் அந்தப் பக்கமே வரல" என்று அக்கா சொல்வார். அவர் அதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குவார்.

இந்த வருடம் இரண்டு கஷ்டங்கள் சேர்ந்து வந்தன. பழைய பெட்டிக்குச் சூட்டுக் கட்டுப்பாடு போய், ஏறின சூடு இறங்கவே மாட்டேன் என்றது. ஒரு நீலக் கட்டத்தில் வில் மாதிரி பழுப்பாகக் கருக்கிவிட்டது. பழுதுபார்ப்பவர், அதற்கு உதிரிப்பாகமே வருவதில்லை என்று கையை விரித்தார். அதே வாரம், எலும்பு டாக்டரம்மா அக்காவின் வலது மணிக்கட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, இனிமேல் கனமானதைத் திரும்பத் திரும்பத் தூக்கக் கூடாது, மீறினால் ஊசி பிடிப்பதே கஷ்டமாகிவிடும் என்று சொல்லிவிட்டார். அந்த நீலப் போர்வை, விடுதிக்குப் படிக்கப் போகும் மகளுக்காக அதே டாக்டரம்மா சொல்லி வைத்தது.

"கைய ஆட்டாதீங்கறாங்க. அடுத்த வாய்லயே போர்வை எப்ப ரெடியாகும்னு கேக்கறாங்க" என்று அக்கா சிரித்தார். வீட்டில் மணிக்கட்டுக் கதையைச் சொல்லவில்லை. என்னிடமும் கடையிலிருந்து திரும்பும் வழியில்தான் சொன்னார். நான் கேட்டதனால் சொன்னார். கனமான பெட்டிகளை எல்லாம் வைத்து வைத்து ரசித்துவிட்டு, கடைசியில் எச்சில் விடாத ஒரு லேசான நீராவிப் பெட்டியை, அதுவும் கையைக் கடிக்கும் விலையில், முகம் சுண்டிப்போய் அவர் வாங்கியது ஏன் என்று புரியாமல்தான் கேட்டேன்.

புதுப் பெட்டி வந்ததும் மேலே தொம் நின்றது. என்ன சத்தம் என்றே சொல்ல முடியாத ஒரு சத்தம் கேட்டது. பெட்டிக்குக் கனம் இல்லாததால் அக்கா தன் கனத்தைப் போட்டு அழுத்தியிருக்கிறார். தூக்குவது சுலபம், அழுத்துவது கஷ்டம். மூன்றே நாளில் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. அந்தப் பெட்டிக்கு ஒரு புத்திசாலித்தனம் உண்டு. எட்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாக அணைந்துகொள்ளும். தூக்கினால் மறுபடி விழித்துக்கொள்ளும், ஆனால் சூடேறக் கொஞ்சம் நேரம் கேட்கும். இருபத்தேழு வருடம் எப்போது எடுத்தாலும் தயாராக இருந்த பெட்டியோடு குடித்தனம் நடத்தியவருக்கு அது எப்படித் தோன்றும்? பத்து நிமிடம் வரிசையாகத் தைத்துவிட்டு வருவார். எடுப்பார், வைப்பார். கவனமெல்லாம் மணிக்கட்டு வலியில். ஒவ்வொரு முறையும் முதல் நாலைந்து கட்டங்கள் சூடு படாமலே போயிருக்கின்றன. தையலோரம் முழுசாகப் படியாத கட்டம் ஒரு நூலளவு சிறுத்து நிற்கும். அதுபோல நாற்பதுக்கு மேல் கலந்துவிட்டன. கடைசியில் வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தபோது ஒன்று இன்னொன்றைவிட இரண்டு விரற்கடை குட்டை. எந்தத் தையலும் எந்தத் தையலோடும் சேரவில்லை.

நான் போனபோது தரை முழுக்க நீலம். அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து தையல் பிரித்துக்கொண்டிருந்தார். எதிர் மூலையில் அவர் வீட்டுக்காரர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, இடது கையால் தானும் பிரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் மணிக்கட்டில் எண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தது. ஆக, விஷயம் வீட்டில் வெளிப்பட்டுவிட்டது.

"தைக்கறத எப்படியாவது ஒப்பேத்திக்கலாம் தம்பி. மெஷின் தைக்குது, நான் துணியத் தள்ளறேன். ஆனா ஒழுங்கா வச்சு எடுக்கலைன்னா தச்சது நிக்காது. கனமா இருந்தா தூக்க முடியல, லேசா இருந்தா அழுத்த முடியல." நூலை ஊதித் தள்ளினார். "டாக்டரம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். இதோட போர்வையையே நிறுத்திடலாமோன்னும் இருக்கு."

அவர் வீட்டுக்காரர் பிரிப்பதை நிறுத்தினார். தன் இடது கையை விரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார்.

அடுத்த நான்கு நாள் மேலே ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாக வேலை பார்த்திருக்க வேண்டும். முடியவில்லை. ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தேன், பிழைகள் கண்ணில் படாமல் தப்பிப் போயின. எனக்கு வருத்தமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

ஐந்தாம் நாள் காலை அக்கா வந்து கதவைத் தட்டினார். "கடைக்கு வர்றீங்களா தம்பி? மாத்தணும். அவரும் வர்றாரு." பின்னால் படியில் அவர், சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, புகைப்படம் எடுக்கப் போகிறவர் மாதிரி நின்றிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் கடைக்காரர் தாமாகவே பிளக் பலகையை எடுத்து மேசைமேல் வைத்தார். பணம் திரும்பாது, வேறு பொருளாக மாற்றிக்கொள்ளலாம் என்றார். அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த, நீராவியும் பட்டனும் இல்லாத, தானாக அணையாத கனமான பெட்டிகளைக் காட்டினார்.

"அம்மா, அது கடையிலேயே விலை கம்மியான சரக்கு. ஓட்டலுக்கும் சலவைக்கடைக்கும்தான் போகும்."

"அதான் வேணும். இறக்குங்க."

இரண்டை இறக்கினார்கள். கைக்குட்டை, கட்டம், உதடு என்று எல்லாச் சோதனையும் நடந்தது. முதல் பெட்டி எல்லாவற்றிலும் தேறியது. முனை கூர், தகடு வழுக்கல், கைப்பிடி மரம். அக்காவின் முகத்தில் எனக்குத் தெரிந்த பழைய ரசிப்பு வந்தது. கட்டச் சொல்வார் என்று நான் அட்டையை எடுத்தேன்.

அவர் பெட்டியை வீட்டுக்காரரிடம் நீட்டினார். "பிடிங்க."

அவர் என்னைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், பிறகு இடது கையால் வாங்கினார். வாங்கிய வேகத்தில் வயர் குறுக்கே திரும்பி, பலகையிலிருந்த கட்டத்தைத் துடைத்துக்கொண்டு போனது. வயர் பெட்டியின் வலப்பக்கம் ஓரமாகப் பொருத்தியிருந்தது. வலது கைக்காரருக்கு அது எதிலும் படாது.

"இது வேண்டாம்" என்றார் அக்கா, அரை மணி நேரம் ரசித்த பெட்டியை ஓரம் தள்ளி. "வயரு நடுவுல இருக்கறது குடுங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் சுத்திக்கணும்."

கடைக்காரர் இரண்டாவதை நகர்த்தினார். அதில் வயர் பின்புறம் நடுவில், சுழலும் உருண்டையில் இருந்தது. ஆனால் அக்காவின் கைக்கு அதன் பிடி பெரிது. அவர் பிடித்தால் விரல்கள் சுற்றி வந்து சேராது. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் கேட்டார், "அம்மா, நீங்க யாருக்கு வாங்கறீங்க? உங்களுக்கா, ஐயாவுக்கா?"

"பெட்டி எனக்கு. கை அவரோடது."

அவர் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக் கட்டத்தின்மேல் வைத்தார். வைத்ததும் கை தன்போக்கில் முன்னால் நகரப் பார்த்தது. "ம்ஹூம்" என்றார் அக்கா. கை நின்றது. நெற்றியில் வேர்வை. பெரிய பேருந்தை இடுக்குச் சந்தில் திருப்பும்போதுகூட அவர் இப்படி வேர்த்திருக்கமாட்டார்.

"நான் சொதப்பிட்டேன்னா?" என்றார் மெதுவாக.

"சொதப்பினா பிரிச்சுக்கலாம். தூக்குங்க."

தூக்கினார். அவருடைய கட்டைவிரல் கைப்பிடிக்கு வெளியே, சூடான தகட்டின் பக்கமாக நீண்டுகொண்டிருந்தது. அக்கா அந்த விரலைப் பிடித்து உள்ளே மடக்கி, துணி சுற்றிய தன் கையை அவர் கைமேல் வைத்து, பெட்டியை நேராகத் தையல் முனைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டார்.