கண்ணாடி விரிசலும் என் கைராசியும்

கார் முன் கண்ணாடியில் கல் தெறித்த இடத்தில் பசை ஏற்றி, அது விரிசலாக ஓடாமல் நிறுத்துவது என் தொழில். வில்லாபுரத்தில் கடை. நாலு பேர் பார்க்கும்போதுதான் கை சொதப்பும் என்பது உங்கள் தொழிலிலும் நடப்பதுதானே? அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

பசை இறங்காத புள்ளி

திருப்பரங்குன்றத்தில் பூக்கடை வைத்திருப்பவர் காரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுக்க எனக்குச் சோம்பல். கண்ணில் பட்ட புள்ளியின் மேல் கருவியைப் பொருத்திப் பசையை ஏற்றினேன். இறங்கவில்லை. திருகத் திருக வெளியேதான் வழிந்தது. உலகத்தில் யாரும் பார்க்காத ரகம் என்று முடிவு கட்டி, போட்டோ எடுத்துத் தொழில்காரர்கள் குரூப்பில் போட்டேன்.

திரும்பி வந்த பூக்கடைக்காரர் காருக்குள் கையை விட்டு, அந்தப் புள்ளியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டார். "அண்ணே, இது பூசை போட்டப்ப தெறிச்ச சந்தனம். கல்லு பட்டது அந்தா, அந்தப் பக்கம்."

வக்கீலின் சந்தேகம்

ஒரே ஒருமுறை வேலை அபாரமாக அமைந்தது. தல்லாகுளத்து வக்கீல் ஒருவரின் கார். முடித்தபின் பார்த்தால், தெறித்த இடம் எனக்கே தெரியவில்லை. "எந்த இடம்னு காட்டுங்க" என்றார். தடவினேன், குனிந்தேன், டார்ச் அடித்தேன். கிடைக்கவில்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாருந்த கண்ணாடிக்கா இம்புட்டு நேரம் வைத்தியம் பாத்தீங்க?"

வளைகாப்புக்குப் போன வேன்

செல்வி கிராமத்து நர்ஸ். அவர் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். அவரையும் சீர்த்தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு செல்வி வந்தது, அந்தக் குடும்பத்தின் முதல் காரில். "சாயங்காலம் மேலூர்ல தங்கச்சிக்கு வளைகாப்புண்ணே. அப்பாவ நம்ம கார்ல கொண்டுபோய் எறக்கணும்" என்றார். மிளகளவு அடிதான். "இருந்த இடம் தெரியாதும்மா" என்றேன்.

உச்சி வெயிலில் வந்த கண்ணாடியை நிழலில் ஆறவிட்டிருக்க வேண்டும். அவசரத்தில் திருகினேன். டிக்கென்று ஒரு சத்தம். விரிசல் அந்தக் கோடிக்கு ஓடிவிட்டது. செல்வி திட்டவில்லை, கண்தான் கலங்கியது. திட்டியிருந்தால் தேவலை. புதுக் கண்ணாடியை நானே போட்டுத் தருவதாகச் சொன்னேன். ஆனால் அதை ஒட்டும் பசை காயாமல் வண்டியை எடுக்க முடியாது. கடையைப் பூட்டிவிட்டு, சீர்த்தட்டுகளோடு அப்பாவையும் மகளையும் என் பழைய வேனில் ஏற்றினேன்.

பெரியவர் முன்சீட்டில், மடியில் வளையல் தட்டு. மாட்டுத்தாவணி தாண்டும்வரை என் வேன் கண்ணாடியில் குறுக்கே ஓடிய நீள விரிசலை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னாலிருந்து செல்வி தோளைக் கிள்ளியும் கேட்காமல், கேட்டே விட்டார்: "ஏன் தம்பி, இதுவும் நீங்க ஒட்டுனதுதானா?"

ஒழுங்காகச் செய்தால் செய்ததே தெரியாத, சொதப்பினால் மேலூர்வரை தெரிகிற தொழிலில்தான் நான் பேர் எடுக்கப் பார்க்கிறேன்.