பதினொரு மணிக்கு ஏறும் எண்ணிக்கை

ஒரு பொருள் ஒரே ஒரு வேலைக்குத்தான் ஆகும் என்பதை மரகதவல்லி ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. உடைந்த குடையின் கம்பி அவளுக்கு ஆன்டெனா. காலியான ஊறுகாய் பாட்டில், மீட்டரில் ஈரம் ஏறாமல் காக்கும் சிலிக்கா டப்பா. “டீச்சர்கிட்ட செத்த பல்லியைக் குடுத்தாலும் அதையும் எதுக்காவது ஆக்கிருவாங்க” என்று கல்லூரியில் கேலி பேசுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். தென்திருப்பேரையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து இயற்பியல் லேபில் இருபத்து மூன்று வருஷம் ஓட்டியிருந்தாள். படித்தது எம்.எஸ்சி., பதவி லேப் உதவியாளர், எல்லாரும் கூப்பிடுவது டீச்சர்.

அத்தனை வருஷத்தில் எந்த அறிக்கையிலும் அவள் பெயர் வந்ததில்லை. வேலை அவளுடையதாக இருக்கும், பெயர் வேறு யாருடையதாவது இருக்கும். வெளியே புலம்பமாட்டாள். உள்ளுக்குள் அது ஆறாமல் கிடந்தது.

போன வருஷம் துறைத்தலைவர் ரங்கநாத் அவளைக் கூப்பிட்டு, பன்னிரண்டு கறுப்புப் பெட்டிகளைக் காட்டினார். துகள்களை உணரும் டிடெக்டர் மாட்யூல்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பலகை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கதிர் ஏதாவது அதில் பட்டால் மின்மினி அளவுக்கு ஒரு பொட்டு வெளிச்சம் வரும். அதை ஒரு மின்னணுச் சில்லு எண்ணும். எங்கோ ஒரு மலைக்கடியில் இவற்றை நூற்றுக்கணக்கில் பதிக்கப் போகிறார்கள். பதித்தபின் பத்து வருஷத்துக்கு யாரும் கைவைக்க முடியாது. அந்தப் பத்து வருஷம் தாங்குமா என்பதைத் தொண்ணூறு நாளில் சொல்ல வேண்டும்.

“திட்டம் போடறது நீங்கதான். ரிப்போர்ட்ல முதல் பேரும் உங்களோடதுதான்” என்றார் ரங்கநாத். “ஆனா புதுசா எதுவும் வாங்க முடியாது. இருக்கறத வச்சுப் பாத்துக்கணும்.”

அவளுக்கு அது போதும். மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துறைமுகச் சாலையில் அலைந்தாள். சூடும் குளிரும் மாறி மாறிக் கொடுத்தால் பெட்டிகள் சீக்கிரம் கிழடு தட்டும். அதற்கென்று இருக்கும் இயந்திரம் கல்லூரியிடம் இல்லை. இறால் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் மைனஸ் பதினெட்டில் குளிர் அறை இருந்தது. பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட உப்புக் கிட்டங்கி, மத்தியான வெயிலில் நாற்பத்தெட்டு டிகிரி. உப்புக்காற்று வேறு, கேட்காமலே கிடைத்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டு நான்கு பெட்டிகளைத் தேர்ந்தாள். அந்த நான்கையும் வதைப்பது, எட்டைச் சும்மா விட்டுவைப்பது, தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பன்னிரண்டையும் கம்பெனியின் பின்கட்டில் பழைய பேக்கிங் அறையில் வரிசையாக வைத்து ஒப்பிடுவது. இதுதான் திட்டம்.

ஒரே ஒரு ஓட்டை இருந்தது. ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவான கதிரைக் காட்ட வேண்டும். அதற்குக் கதிர் வீசும் பொருள், அதாவது கதிரியக்க மூலம் வேண்டும்; அதை வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு அனுமதி கிடையாது. வானத்திலிருந்து தானாக விழும் கதிர்களை எண்ணலாம். ஆனால் அது வினாடிக்கு நூற்றெண்பதுதான். சின்ன மாற்றத்தைப் பிடிக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூலம் இல்லாத சோதனை செல்லாது என்று பெட்டிகளை அனுப்பிய மேலிடத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது. மரகதவல்லிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இருபதாவது நாள், கல்லூரியில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். காலை பதினொரு மணிக்கு முதல் பெட்டியின் எண்ணிக்கை இரண்டாயிரத்துக்கு ஏறி இறங்கியிருந்தது. அரை நிமிஷம் கழித்து இரண்டாவது பெட்டி. பிறகு மூன்றாவது. கடைசிப் பெட்டியிடம் அந்த ஏற்றம் கொஞ்சநேரம் நின்றிருந்தது. பிறகு பன்னிரண்டாவது பெட்டியிலிருந்து முதல் பெட்டிவரை அதே நிதானத்தில் திரும்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த அறைக்குள் வந்து, வரிசை முன்னால் நடந்துவிட்டுப் போயிருக்கிறது.

மறுநாளும் அதே நேரம், அதே நடை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை, அன்று வரவில்லை. திங்கட்கிழமை வந்தது. வெளிச்சம் புகாமல் பெட்டிகளுக்குச் சுற்றியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினாள், வயர்களை மாற்றினாள், மின்சாரத்தைச் சோதித்தாள். அது வந்துகொண்டுதான் இருந்தது. புதன்கிழமை பத்தரைக்கே அறைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டாள். பக்கத்துக் குளிர் அறையின் குளிர் எலும்பைத் தொட்டது. சுவருக்கு அந்தப்பக்கம் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. பதினொன்றாக ஒரு நிமிஷம் இருக்கும்போது, அறைக்கதவு இன்னும் திறக்காதபோதே, வாசலை ஒட்டிய முதல் பெட்டியின் எண் ஏறத் தொடங்கியது. முந்நூறு. எழுநூறு.

கதவு திறந்தது. உள்ளே வந்தவள் சீனித்தாய், துடைப்பமும் வாளியுமாக. கம்பெனியில் கூட்டித் துடைப்பவள். கழுத்தைச் சுற்றி மஃப்ளர். “இங்கனயா இருக்கிய டீச்சர்? பயந்தே போனேன்” என்று சிரித்தாள். எண் இரண்டாயிரத்தைத் தாண்டியது.

மரகதவல்லிக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள். சீனித்தாய் முதலில் மழுப்பினாள், பிறகு மஃப்ளரை விலக்கித் தழும்பைக் காட்டினாள்.

“கழுத்துல கட்டி டீச்சர். மதுரையில பெரிய ஆஸ்பத்திரில ஆபரேசன் பண்ணி, ஒரு மருந்து குடிக்கக் குடுத்தாவ. மூணு நாளு தனி ரூம்ல போட்டுப் பூட்டிட்டாவ. சோத்தைக் கதவுக்கு வெளிய வச்சிட்டு ஓடுதாவ, என்னைக் கண்டாப் பேயைக் கண்ட மாதிரி. ரெண்டு வாரம் யாரு பக்கத்துலயும் போவாதன்னாவ. லீவு கேட்டா சீக்குன்னு வேலையை விட்டு நிப்பாட்டிருவாவ. அதான் ஆறாம் நாளே வந்துட்டேன். யார்ட்டயும் சொல்லிராதிய.”

“சொல்லமாட்டேன்” என்றாள் மரகதவல்லி.

இன்னும் ஒரு வாரமாவது வீட்டில் தனியாக இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். மேனேஜரிடம் பக்குவமாகப் பேசி லீவு வாங்கிக் கொடுத்திருக்கலாம். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் கண் திரையில் இருந்தது. பன்னிரண்டு பெட்டிகளும் ஒரே மூலத்தை, ஒரே தூரத்தில், ஒரே வரிசையில் பார்த்துக்கொண்டிருந்தன. சீனித்தாய் குடித்தது கதிரியக்க மருந்து; அவள் உடம்பிலிருந்து வரும் கதிர் வாரத்துக்குப் பாதியாகக் குறையும். அந்தக் குறைச்சலைக் கணக்கில் கழித்துவிடலாம். இதைவிட நல்ல மூலம் யாரிடம் இருக்கிறது?

“தனியா உக்காந்து சாப்பிடுங்கோ. பிள்ளைத்தாச்சிப் பொண்ணுங்க கிட்டப் போகாதீங்கோ” என்று சொன்னாள். அவள் மனசாட்சிக்கு அந்த அளவு போதுமாயிருந்தது. பிறகு சாக்பீஸை எடுத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் தரையில் ஒரு வட்டம் போட்டாள். “துடைக்கும்போது இந்த வட்டத்துல நின்னு ஒரு நிமிஷம் துடைங்கோ. அவசரமே வேண்டாம்.”

அன்றிலிருந்து தினமும் பதினொரு மணிக்குச் சீனித்தாய் வட்டம் வட்டமாக நின்று போனாள். காரணம் கேட்கவில்லை. தன் ரகசியத்தைக் காப்பாற்றுகிறவள் சொன்னால் நல்லதுக்காகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். சில நாளில் அவளே திரையைப் பார்க்கத் தொடங்கினாள். இரண்டாயிரம் ஆயிரமானது, ஆயிரம் ஐந்நூறானது.

“கொறையுதுல்லா டீச்சர்?” என்பாள்.

“குறையறது.”

“இதுக முன்னால நின்னா கழுத்துக்கு எதமா இருக்கு. என் சீக்கைத்தானே இது எடுக்கு?”

மரகதவல்லி இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. கைகளைக் கூப்பியபடி அந்தக் கறுப்புப் பெட்டிகள் முன்னால் ஒருத்தி நின்றிருப்பதைக் கண்ணாடிச் சன்னல் வழியே பார்க்கும்போது அவளுக்கே ஒரு மாதிரி இருக்கும். பார்வையைத் திருப்பி எண்களைக் குறித்துக்கொள்வாள். வாரத்துக்கொரு தரம் சீனித்தாய் ஓலைக்கொட்டானில் கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் மரகதவல்லி வாங்கிக்கொண்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் வாங்கியிருக்கமாட்டாள் என்று தோன்றுகிறது. நல்லவள்தான், அதுதான் நமக்குப் பயமாக இருக்கிறது.

ஏழு வாரத்தில் எண் பழைய நூற்றெண்பதுக்கு வந்து நின்றது. சீனித்தாய் அன்று வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள், சந்தோஷத்தில். மரகதவல்லிக்கும் துக்கமாக இருந்தது. அவள் துக்கம் வேறு: நாற்பது நாள் கிடைத்த மூலம் தீர்ந்துபோனது.

ஆனால் சேர்ந்த கணக்கே போதுமாயிருந்தது. வதைபட்ட நான்கில் இரண்டு மெல்ல மெல்லக் குருடாகிக்கொண்டிருந்ததை அது துல்லியமாகக் காட்டிவிட்டது. பலகையையும் சில்லையும் ஒட்டிய பசையில் உப்பு ஏறியிருந்தது. அறிக்கையில் அவள் பெயர் முதலில் வந்தது. சோதனை மூலம் என்ற இடத்தில் ‘உள்ளூரில் கிடைத்த குறுகிய ஆயுள் மூலம்’ என்று எழுதியிருந்தாள். அதை யாரும் கிளறவில்லை. படித்தவர்களுக்கு முடிவு பிடித்திருந்தது. பசையை மாற்றிப் புதிதாக இருபது பெட்டிகள் அனுப்புகிறோம், அதே முறையில் மறுபடி சோதியுங்கள் என்று பதில் வந்தது. அதே முறையில்.

புதுப் பெட்டிகள் வந்து இறங்கி மூன்று வாரம் ஆகியும் மரகதவல்லி சோதனையைத் தொடங்கவில்லை. ஏன் என்று ரங்கநாத் கேட்டதற்கு ஏதோ சாக்குச் சொன்னாள். தான் எதற்காகக் காத்திருக்கிறாள் என்பதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சீனித்தாய் கல்லூரிக்கே வந்துவிட்டாள். லேப் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே வந்து மரகதவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஸ்கேன்ல இன்னும் இருக்காம் டீச்சர். மறுபடியும் அந்த மருந்தைக் குடிக்கணுமாம். மறுபடியும் அந்த ரூம்ல...” என்று அழுதாள்.

அந்த நொடியில் மரகதவல்லியின் நெஞ்சுக்குள் எழுந்தது சந்தோஷம். சந்தேகமே இல்லாத சந்தோஷம். அது என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்தது. தன் உடம்பையே உதறிவிட்டு ஓட வேண்டும்போல் அருவருப்பாக இருந்தது. அழுகிறவளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும், வேலைக்கு வராதீங்கோ, அந்தப் பெட்டிகள் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

“என்னிக்கிக் குடுக்கறாளாம்?” என்றாள். “போன தடவை அளவேதானா, கூடுதலா?”

“கூடத்தான் குடுக்கணும்னாவ.” சீனித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். “எங்க வீட்லகூட ஒருத்தரும் இப்படி வெவரமா விசாரிக்கல டீச்சர்.”