மூன்று மாத ரீடிங்

என் வீட்டுக்காரரை அந்த வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மீட்டர்' என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாக நடந்து மின்சார மீட்டர் பார்த்தவர். காலையில் டார்ச்சும் நோட்டுமாகக் கிளம்பினால் மத்தியானம்தான் வியர்த்து விறுவிறுத்து வருவார். தட்டில் மலையாகக் குவித்தாலும் காலி. சாப்பிட்டுக்கொண்டே கதை சொல்லுவார். எந்த வீட்டு நாய் கால்சட்டையைப் பிடித்தது, எந்தப் பெரியவர் படிக்கட்டடியில் ஒளிந்து சிகரெட் பிடித்தார், எல்லாம். அந்தத் தெருக்களில் நான் கால் வைத்ததே இல்லை, ஆனால் ஒவ்வொரு கதவும் எனக்குத் தெரியும்.

அவருக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று உண்டு. இவர் தலையைக் கண்டதும் சில வீடுகளில் ஓடி ஓடி எல்லா சுவிட்சையும் அணைப்பார்களாம்.

"மாசம் பூரா ஓடவிட்டுட்டு, நான் வர்ற அஞ்சு நிமிஷம் அணைச்சா மீட்டர் பின்னாடியா சுத்தும்? லூசுங்க!"

சிரித்துச் சிரித்துப் புரையேறும். நான்தான் தலையில் தட்டுவேன். அதெல்லாம் ஒரு காலம்.

பிறகு மீட்டர்கள் தாமாகவே கணக்கு அனுப்பத் தொடங்கின. இவரை ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். நடை நின்றது, ஆனால் தட்டில் மலை குறையவில்லை. கூடவே நாலு டீ, பிஸ்கட். ஐந்தே வருஷத்தில் தொப்பை முன்னே வர, இவர் பின்னே வந்தார். கதையும் நின்றுபோனது. கம்ப்யூட்டருக்குள் நாய் ஏது?

நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். காரணம் இவருடைய அண்ணன். சர்க்கரை வியாதியில், காலில் வந்த சின்னப் புண்ணைக் கவனிக்காமல் விட்டதால், கடைசியில் பாதத்தையே எடுத்தார்கள். கூடப் பிறந்தவருக்கு இருந்தால் இவருக்கும் வர வாய்ப்பு அதிகம், உட்கார்ந்தே இருந்து வயிறும் போட்டால் இன்னும் அதிகம் என்று அப்போதே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் வாயைத் திறந்தால், "சும்மா நச்சரிக்காதே, எல்லாம் நார்மல்" என்று ஆபீசில் வருஷா வருஷம் எடுக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுவார். மூன்று வருஷம் அந்தச் சீட்டை நம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலாம் வருஷம் அந்தப் பரிசோதனைக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா என்னையும் கூட்டி வரச் சொன்னார். கையில் வேறொரு சீட்டு. ஆறு புள்ளி இரண்டு.

"இது ரத்தத்துல மூணு மாச சர்க்கரையோட சராசரி. ரெண்டு நாள் பட்டினி கிடந்தா இறங்காது. இன்னும் வியாதி வரலை. ஆனா வாசல் வரைக்கும் வந்தாச்சு."

"மிஷின்ல ஏதோ கோளாறு டாக்டர்" என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீட்டர் பார்த்த காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்டதாக இவர் கேலி செய்த அதே வசனம்! அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் இவருக்கு 'வயிறு சரியில்லை'. தட்டை ஒதுக்கிவிட்டு மொட்டைமாடியில் விறுவிறுவென்று நடப்பார். நானும் ஐயோ பாவம் என்று கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

"ரெண்டு நாள் சுவிட்சை அணைச்சீங்களாக்கும்?" என்று கேட்டேன். இவர் தரையைப் பார்த்தார்.

அங்கேயே அழுதுவிட்டேன். "உங்க அண்ணன் மாதிரி உங்களைப் பார்க்க என்னால முடியாதுங்க."

"வராமலே தடுக்கலாம்மா" என்றார் டாக்டரம்மா. "தினம் அரை மணி நடை, தட்டுல பாதி காய்கறி, டீயில சர்க்கரை வேண்டாம். நாலஞ்சு கிலோ குறைஞ்சாலே போதும்."

மறுநாள் காலையில் ஆள் வீட்டில் இல்லை. தன் பழைய தெருக்களுக்கே நடக்கப் போயிருந்தார். வியர்த்து வந்து உட்கார்ந்தவர், "அந்தப் பச்சை கேட்டு வீட்டம்மா என்னைப் பார்த்ததும் உள்ள ஓடிப்போய் சுவிட்சை அணைக்குதுடி!" என்றார். புரையேறியது. எத்தனை வருஷம் கழித்து அந்தத் தலையில் தட்டினேன்!

மூன்று மாதம் போனது. பரிசோதனைக்கு முந்தின நாள், "வயிறு சரியா இருக்கா?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"பேஷா இருக்கு. எப்பவும் போடறதைப் போடு" என்றார். காய்கறி பாதியும் மற்றது பாதியுமாகப் போட்டேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

சீட்டில் ஐந்து புள்ளி எட்டு. "நடையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா. இவர் கண்ணாடியை மாட்டி, பழைய பழக்கத்தில் எண்ணை இரண்டு தரம் சரிபார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"இந்த மீட்டர் பின்னாடியும் சுத்துதுடி" என்றார்.