மேற்குப் பார்த்த போர்டுக்கு எந்த ஷீட்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடைக்கு யாராவது வந்தால் உள்ளே போய் நின்றுகொள்கிற சுபாவம். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னித்துவிடுங்கள். ஆனால் ஸ்டிக்கர் ஷீட் விஷயத்தில் மட்டும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் செஞ்சியில் எங்களுக்கு ஒரு பெயர்ப் போர்டு கடை இருந்தது. பெயின்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்த கடைக்காரர்கள் ஒட்டும் ஷீட் பக்கம் திரும்பிய நேரம். என் கணவர் ஆர்டர் பிடிப்பார். தகரத்தில் ஒட்டுகிற எழுத்துகளை நான் பிளேடால் வெட்டுவேன். சென்னைக்குப் போய் ஷீட் வாங்கி வருகிறவரும் அவர்தான். கெட்டியாக இருந்தால் உழைக்கும் என்பது அவர் எண்ணம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஒரு தை மாதம் நாலு வகை ஷீட்டில் சிவப்புத் துண்டு வெட்டி ஒரு தகரத்தில் ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் பாதியை மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கிற மேல் ஷீட்டால் மூடி, தகரத்தை மேற்குப் பார்த்துக் கூரையில் கட்டினேன்.

"இன்னாம்மா, வத்தல் காயப் போட்டுக்கிறியா?" என்று சிரித்தார் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் பொழுது சாய்ந்த பிறகும் பாறை அனல் விடும். கத்திரி வெயில் முடிந்து இறக்கிப் பார்த்தேன். கெட்டி ஷீட் சுருங்கி, ஓரமெல்லாம் பசை தெரிந்து, அதில் தூசி கறுப்பாக அப்பியிருந்தது. சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது. மெல்லிசான ஒன்றுதான் ஒட்டினபடியே கிடந்தது. அதிலும் மேல் ஷீட் போட்ட பாதி புதிதாகவே இருந்தது. விலை கூடத்தான். ஆனால் மலிவானதை இரண்டு கோடைக்குள் சுரண்டிவிட்டுத் திரும்ப ஒட்ட வேண்டும். சுரண்டுகிறவள் நான்.

அந்த ஐப்பசியில் ரைஸ் மில்காரர் தன் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தின வருஷம் என் கணவர் கெட்டி ஷீட்டில் செய்து கொடுத்தது. எங்களுக்கு அவரைவிடப் பெரிய வாடிக்கை கிடையாது. பக்கத்து வல்லத்தில் திறக்கப்போகும் மில்லுக்கு இன்னும் இரண்டு போர்டு தருவதாகச் சொல்லியிருந்தார்.

"இன்னாய்யா ஷீட்டு இது? எழுத்தெல்லாம் கோழி றெக்கை மாதிரி தூக்கினு நிக்குது!"

என் கணவர் தூக்கின எழுத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். நான் வெளியே வந்தேன்.

"ஆயுத பூஜைக்குப் போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சீங்களா அண்ணே?"

"வெக்காம? தொழில் பண்றவன் வெக்க மாட்டானா?"

"அப்புறம் எதால தொடச்சீங்க?"

"மண்ணெண்ணெயிலதான். பெயின்ட் போர்டை அப்படித்தானே தொடைப்போம்."

"மண்ணெண்ணெய் பட்டா எந்த ஷீட்டும் தூக்கிக்கும். அது உங்க தப்பு. நெறம் வெளுத்தது எங்க தப்பு. மேல கண்ணாடி ஷீட் போட்டிருந்தா நெறமும் போயிருக்காது, குங்குமமும் ஈரத்துணிக்கே வந்திருக்கும்."

என் தகரத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மெல்லிசான நல்ல ஷீட்டின் விலையைக் கேட்டதும் முகம் மாறியது.

"திண்டிவனத்துல பாதி விலைக்கு ஒட்டித் தரான். இதே கெட்டி ஷீட்டு."

"தரோம் அண்ணே, நாங்களும் அதே விலைக்கு..." என்று என் கணவர் இழுத்தார்.

"அங்கியே ஒட்டிக்கோங்க. அந்த ஷீட்டை இனிமே நான் வெட்ட மாட்டேன்," என்றேன்.

"ஏய், உள்ள போ," என்றார் கணவர்.

"போக மாட்டேன்."

பிளேடை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மில்காரர் போர்டை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் மில் ஆள் வல்லம் மில்லுக்கான ஒரு தகரத்தைக் கொண்டுவந்து வைத்து, நல்ல ஷீட்டிலேயே ஒட்டச் சொன்னார். இன்னொன்று கெட்டி ஷீட் ஒட்டத் திண்டிவனத்துக்குப் போய்விட்டது என்றார். என் கணவர் அந்த நல்ல ஷீட்டை வாங்கச் சென்னைக்குப் பஸ் ஏறினார்.