ஒரு செய்திக்கு இரண்டு முகப்பு

சினிமா கிசுகிசு இணையதளம் ஒன்றுக்கு நான் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். அலுவலகம் சென்னையில், நான் சங்கரன்கோவிலில், எங்கள் வீட்டு மாடியறையில். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் சொன்னால் காபியைக் குடிக்காமலே எழுந்துவிடுவார்கள் என்று பயம்.

ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு முகப்பு செய்வேன். பார்க்கிறவர் ஆணா பெண்ணா என்று கணித்துத் தளமே மாற்றிக் காட்டும். உள்ளே செய்தி ஒன்றேதான். ஆண்களுக்குப் படம் பெரிது, எழுத்து குறைவு. நடிகையின் முகம் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, கழுத்துக்குக் கீழே கட்டத்தின் நடுவில் வந்துவிட வேண்டும். பெண்களுக்கு இளஞ்சிவப்பு ஓரம், கலங்கிய கண், தலைப்பில் கல்யாணம், மாமியார், பிரிவு இவற்றில் ஏதாவது ஒன்று. யாருக்கு எது பிடிக்கும் என்று யாரோ உட்கார்ந்து முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கு இளஞ்சிவப்பைக் கண்டாலே எரிச்சல். ஆனாலும் ஐந்து வருஷம் அதைத்தான் பூசினேன். கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கினேன்.

என் சிநேகிதி, ஒரே தெரு, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச், டிவி சீரியலில் நாயகியின் தங்கையாக நடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. நடிப்பை விட்டால்தான் தாலி என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். எனக்கு முதல் நாளே தெரியும். யாரிடமும் மூச்சு விடவில்லை. இருந்தும் எப்படியோ செய்தி கசிந்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் வேலைப் பட்டியலிலேயே வந்து விழுந்தது.

ஆண்கள் முகப்புக்கு என்று ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். ஏதோ மழைக் காட்சியில், நனைந்த சேலையில், எவனோ கீழே உட்கார்ந்து எடுத்தது. ஆசிரியருக்குப் போன் போட்டு, இதைப் போடமாட்டேன் என்றேன்.

"வேற நல்ல படம் இருந்தா போடுங்க மேடம். பத்து நிமிஷத்துல பக்கம் போகணும்," என்றார்.

என்னிடம் இருந்தது. போன வருஷம் எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் அவள் ஆடிச்சுற்று சுற்ற வந்திருந்தாள். கோயிலை நூற்றெட்டுச் சுற்று. கல்யாணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அம்மனிடம் வேண்டுதல். பாதியில் கால் வலி தாங்காமல் தூணில் சாய்ந்து நின்றாள். மேக்கப் இல்லை, வியர்வையில் குங்குமம் கரைந்திருந்தது. அப்போது என் போனில் எடுத்தது. சேலை கழுத்துவரை மூடியிருந்தது. இதில் எவனும் வெட்டிப் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றே சத்தியமாக நினைத்தேன். இரண்டு முகப்பிலும் அதையே வைத்தேன். எந்த இடம், எதற்குச் சுற்றினாள் என்று ஆசிரியர் கேட்டார். அதையும் சொல்லித் தொலைத்தேன்.

'நூற்றெட்டுச் சுற்றியும் நிலைக்காத கல்யாணம்' என்று தலைப்பு வைத்துவிட்டார்.

பெண்களிடம் எங்கள் செய்தி எதுவும் அப்படி ஓடியதில்லை. இளஞ்சிவப்புக்குத் தேவையே இருக்கவில்லை. பாவம் என்று செய்திக்குக் கீழே ஒருத்தி எழுதியிருந்தாள். சாமிக்கே பிடிக்கல போல என்று இன்னொருத்தி. எங்கள் ஊர்க்காரிகளும் எழுதியிருந்தார்கள். ஆசிரியர் எனக்கு வாட்ஸ்அப்பில் கைதட்டும் பொம்மை அனுப்பினார்.

மத்தியானம் அவள் கூப்பிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அந்தப் படம் ஒங்கிட்ட மட்டுந்தானட்டி இருந்துச்சு?"

"ஏட்டி, அவங்க அனுப்புன படத்த நீ பாக்கல. நனைஞ்ச சேல. அது வந்துரக் கூடாதுன்னுதான் நான்..."

"வந்தா வந்துட்டுப் போகுது. அது சம்பளம் வாங்கி நடிச்சது. என்னைய என்னவெல்லாமோ போட்டுருக்காங்க, தொடைச்சுப் போட்டுட்டுப் போயிருக்கேன். அம்மங்கிட்ட நான் கேட்டத எவனும் போட்டதில்ல. நீ போட்டுட்டியே."

படத்தை உடனே தளத்திலிருந்து நீக்கினேன். அதற்குள் மற்ற தளங்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தன. அன்றைக்கே வேலையை விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மூன்று மாதம் கழித்துத்தான் விட்டேன். அதைச் சொல்லலாம் என்றால் அவள் என் போனை எடுக்கவே இல்லை. இவ்வளவு அழுவேன் என்று எனக்கே தெரியாது.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையோடு நின்றாள். இளைத்திருந்தாள். காலேஜ் பிள்ளைகளும் பூ விற்கிற அக்காவும் சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தோதாகத் திரும்பிச் சிரித்தாள். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. என் கையில் போன் இருந்தது. இருப்பதே எனக்கு நினைவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.